பொம்மக்காவின் அடுப்பும் பஞ்சவர்ணத்தின் வயிறும்

காட்டுக்கு நடுவில் ஒரு குளம். குளக்கரையில் பொம்மக்கா என்ற கரடி தன் குடிசை வாசலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

கரடி சமைக்குமா என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள். இந்தக் கரடி சமைக்கும்! தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப் போன மண்சட்டியும் கரண்டியும் அம்மியும் அவளிடம் இருந்தன. உப்பு, புளி, மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மலையடிவாரத்துக் கடைகளிலிருந்து குரங்குகள் கொண்டு வந்து கொடுக்கும். எப்படிக் கொண்டு வந்தன என்று அவளும் கேட்டதில்லை, நாமும் கேட்க வேண்டாம். அவள் குழம்பு கொதித்தால் மலைக்கு அந்தப் பக்கம் வரை மணக்கும்.

பொம்மக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சோறு போட்டாலும் போட்ட கையோடு திரும்பி உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடுகிறவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "திங்குற வாயைப் பார்த்தா கண்ணு பட்டுடும். அப்புறம் வயித்த வலிதான்!" என்பாள். முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்திருப்பாள். சத்தம் பலமாகக் கேட்டால் சமையல் பிரமாதம் என்று அவளுக்கு அர்த்தம்.

ஒரு நாள் காலையில் மலை ரோட்டோரப் புதருக்குள் ஒரு சாக்கு நெளிந்தது. அந்தப் பக்கம் கிழங்கு தோண்டப் போன பொம்மக்கா சாக்கை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பூனை! வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று திட்டுத் திட்டாக நிறம். முன்னங்கால் ஒன்று வீங்கியிருந்தது.

"யார் பெத்த புள்ளையோ! உன் பேரு என்ன தாயி?"

"பஞ்சவர்ணம்."

உடம்பில் இருப்பது மூன்றே நிறம்தான். வைத்தவர்கள் ஆசையாய் வைத்திருக்கிறார்கள், விடுங்கள்.

பொம்மக்கா பூனையைத் தோளில் போட்டுக்கொண்டாள். சாக்கையும் மடித்து எடுத்துக்கொண்டாள். எதையும் வீணாக்குகிற ஜென்மம் இல்லை அவள். சாக்கு குடிசைத் திண்ணையின் மூலையில் கிடந்தது. பூனை அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தது. கணகணவென்ற சூட்டில் அதற்குக் கண் சொக்கியது. 'இங்கேயே இருந்துவிட வேண்டும். கடவுளே, இங்கேயே இருந்துவிட வேண்டும்' என்று நினைத்துக்கொண்டது பஞ்சவர்ணம்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. பஞ்சவர்ணம் டவுனில் ஒரு வீட்டில் வளர்ந்தவள். அங்கே தினமும் தயிர்சோறு போட்டார்கள். அவளுக்கு அது இறங்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். "போட்டதைத் திங்காத பூனை நமக்கு எதுக்கு?" என்று அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். மறுநாள் சாக்கு வந்தது. அந்தக் கேள்வி அவள் காதுக்குள்ளேயே குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.

குளத்தில் முங்கி என்று ஒரு நீர்நாய் இருந்தான். பொம்மக்காவுக்குத் தோழன். பெரிய பெரிய கண்கள் அவனுக்கு, எதையும் வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். பூனை வந்த சேதி கேட்டு வாய் நிறைய மீனோடு கரையேறினான்.

"அக்கா! பூனைக்கு மீன்னா உசுரு. இந்தாங்க!"

மீன் பேசாதா என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் மீன் பேசாது. பேசினால் கதை நடக்காது!

பொம்மக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கே எனக்குன்னு வீட்டுல ஒரு பூனை! அதுக்கு என் கையால சமைச்சுப் போடப் போறேன்!" என்று குதித்தாள். புளி கரைத்தாள். சின்ன வெங்காயத்தைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டாள். பூண்டு தட்டிப் போட்டாள். மிளகும் மிளகாயும் அம்மியில் வைத்து அரைத்தாள். கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். "ம்ம்... என் நாக்குக்கே எச்சில் ஊறுது!" என்று மேலே கொஞ்சம் தேனும் ஊற்றினாள். இலையில் பரிமாறினாள். டக்கென்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிடு தாயி! கூச்சப்படாதே!"

பஞ்சவர்ணம் ஒரு நக்கு நக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நாக்கு எரிந்தது. புளிப்பு பல்லைக் கூச வைத்தது. தேனின் தித்திப்போ அவளுக்குத் தெரியவே இல்லை, பூனை நாக்கு அப்படி. வெங்காய வாடைக்கு வயிறு புரட்டியது.

'வேண்டாம்னு சொன்னா? மறுபடி சாக்குதான்!' மூலையில் கிடந்த சாக்கை அவள் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்புக்குப் பின்னால் இருந்த புதருக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீண்டது. காட்டுப்பன்றி உருட்டன்! ஒரு காலத்தில் பொம்மக்காவின் குழம்புச் சட்டிக்குள் தலையை விட்டுச் சட்டியை உடைத்தவன். "என் வாசலை மிதிச்சே, காலை ஒடிச்சுடுவேன்!" என்று அன்றைக்கே அவள் விரட்டிவிட்டாள். அதிலிருந்து மோப்பம் பிடித்தே நாளைக் கழித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்ஸ்... பூனைப் புள்ள! உனக்கு இறங்கலையா?" என்று கிசுகிசுத்தான்.

பஞ்சவர்ணம் தலையாட்டினாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதே! ஆசையா சமைச்சவ மனசு உடைஞ்சு போகும். அப்புறம் அவளுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா என்ன செய்வான்னு, புதர்ல ஒளிஞ்சு கிடக்கற என்னைப் பார்த்தாலே தெரியலையா? நீ பேசாம இரு. உனக்காக நான் கஷ்டப்பட்டுத் தின்னுடறேன்!"

கஷ்டப்பட்டானாம்! சளக், புளக், சளக், புளக் என்று இலையை ஓட்டையாகும் வரை நக்கினான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பொம்மக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

"அடி ஆத்தி! இம்புட்டுப் பூனைக்கு இம்புட்டுச் சத்தமா! நல்லா இருக்கா தாயி?"

உருட்டன் புதருக்குள் மறைந்தான். பஞ்சவர்ணம் காலி இலையைப் பார்த்தாள். "அமிர்தம் அக்கா!" என்றாள். சொன்ன வாய் கூசியது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துத்தான். பொம்மக்கா திரும்புவாள், உருட்டன் வருவான், சளக் புளக். அதோடு விட்டானா? ஒரு நாள் பூனைக்கு யோசனை வேறு சொன்னான். "இன்னும் கொஞ்சம் பூண்டும் வெங்காயமும் போட்டா அள்ளும்னு சொல்லு. அக்கா சந்தோஷப்படுவா!" பாவம், பஞ்சவர்ணமும் அப்படியே சொன்னாள். அக்கா சந்தோஷப்பட்டாள், ஆனால் குழம்பின் வாடை இன்னும் ஏறியது. உருட்டனுக்குத் தொந்தி சரிந்தது. பூனைக்கு விலா எலும்பு தெரிந்தது.

இலையில் வாய் வைக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று அவள் தினமும் நாலு நக்கு நக்கி விழுங்குவாள். அந்த நாலு நக்கில் போன வெங்காயமும் பூண்டும் பூனை உடம்புக்கு ஆகாது. அது பொம்மக்காவுக்கும் தெரியாது, பஞ்சவர்ணத்துக்கும் தெரியாது. ஈறு வெளுத்தது. நடந்தால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுப்போரத்திலேயே சுருண்டுவிட்டாள்.

பொம்மக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் புள்ளைக்கு என்ன ஆச்சு! நேத்துக்கூட இலையை வழிச்சுத் தின்னாளே! இது கண்ணுதான்! எவன் கண்ணோ பட்டிருக்கு!"

அப்போதுதானா முங்கி மீனோடு கரையேற வேண்டும்! பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். அவன் பெரிய கண் இன்னும் பெரிதானது. "அக்கா, இந்தப் புள்ள ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?" என்றான்.

"நீதான்டா! உன் முட்டைக் கண்ணுதான்டா! நான் முதுகைக் காட்டி உட்கார்றேன், நீ தண்ணிக்குள்ள இருந்து அவ திங்கறதையே முறைச்சுப் பார்த்திருக்கே!"

"அக்கா, சத்தியமா நான் சாப்பாட்டு நேரத்துல இந்தப் பக்கமே வரதில்ல..."

"பேசாதே! இனிமே இந்தக் கரையில தலையைக் காட்டாதே! போடா!"

முங்கி கொண்டு வந்த மீனைக் கல் மேல் வைத்தான். "புள்ளைக்குக் கொடுங்க அக்கா" என்று மட்டும் சொன்னான். தண்ணீருக்குள் இறங்கி, குளத்தின் அக்கரைப் பக்கமாகப் போனான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

படுத்தபடியே பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் பார்த்தாள். 'நான் சொன்ன பொய்க்கு அவன் திட்டு வாங்கிட்டுப் போறானே' என்று நினைத்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். மூலையில் சாக்கு கிடந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பொம்மக்காவுக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. மீனைச் சுத்தம் செய்து வெறும் தண்ணீரில் போட்டு வேகவைத்தாள். வெந்ததும் இலையில் எடுத்து ஆற வைத்தாள். மசாலா அரைக்கப் போனவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. "முதல்ல திருஷ்டி கழிக்கணும்! அப்புறம்தான் குழம்பு!" என்று காய்ந்த மிளகாய் எடுக்கக் குடிசைக்குள் ஓடினாள்.

இலையிலிருந்து ஆவி எழுந்தது. அதில் புளி வாடை இல்லை. வெங்காய வாடை இல்லை. மீன் வாசனை மட்டும்! பஞ்சவர்ணத்தின் மூக்கு துடித்தது. வயிறு 'குர்ர்' என்றது. கால் வராவிட்டால் என்ன, வயிற்றாலேயே நகர்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். மெத்தென்றிருந்தது. முள்ளைத் துப்பிவிட்டு இன்னொரு வாய். இலைக் குழியில் தேங்கிய தண்ணீரையும் விடவில்லை. ளப், ளப், ளப்.

மிளகாயோடு வெளியே வந்தாள் பொம்மக்கா. பூனை சாப்பிடுவதைக் கண்டதும் பழக்க தோஷம், சட்டென்று முதுகைத் திருப்பி அடுப்போரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயையோ, அதைத் தின்னாதே தாயி! அதுல உப்பில்ல, உறைப்பில்ல! வெறும் தண்ணி மீனு! வாயில வைக்க விளங்காது!"

ளப், ளப், ளப்.

பொம்மக்காவின் காது நிமிர்ந்தது. இது என்ன சத்தம்? மழைத்துளி இலையில் விழுகிற மாதிரி!

"பஞ்சவர்ணம், அது நீயா திங்கறே?"

"ஆமா அக்கா."

"நீ தின்னா சளக் புளக்னு கேக்குமே! இன்னிக்கு என்ன புதுசா?"

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். புதருக்குள் உருட்டன்! சாப்பாட்டு நேரமாயிற்றே, வந்துவிட்டான். 'சொல்லாதே, சொல்லாதே' என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். வாய் சரியில்லை என்று சொன்னால் போதும், இன்னும் ஒரு நாள் ஓடிவிடும். சாக்கு அங்கேதான் இருந்தது. குளத்தின் அக்கரையில் ஒரு சின்னத் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்தது. முங்கி இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! முங்கி எந்தக் கண்ணும் வைக்கல! நான்தான் பொய் சொன்னேன்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க குழம்பு எனக்கு ஒத்துக்கல அக்கா. முதல் நாள்லேர்ந்தே ஒத்துக்கல. நாலு நக்குக்கு மேல நான் தின்னதே இல்ல!"

பொம்மக்காவின் கையிலிருந்த மிளகாய் மொத்தமும் நழுவி நெருப்பில் விழுந்தது. குப்பென்று புகை கிளம்பியது. காற்று அதைப் புதர்ப் பக்கம் தள்ளியது.

"அச்ச்ச்சூ!"

புதர் தும்மியது! மறுபடி தும்மியது! உருண்டு வெளியே வந்து விழுந்தான் உருட்டன். மூக்கின் மேல் நேற்றைய குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"சளக் புளக் நீதானாடா!" என்று கத்தினாள் பொம்மக்கா.

"அ... அச்சூ! அக்கா, வீணாப் போகக் கூடாதேன்னுதான்..."

"உன் கணக்கை அப்புறம் வச்சுக்கறேன். அப்படியே நில்லு!"

பிறகு அவள் தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். திரும்பினாள். சாப்பிடுகிற பூனையை, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, முழுசாகப் பார்த்தாள். விலா எலும்பைப் பார்த்தாள். வெளுத்த ஈறைப் பார்த்தாள். அந்த வெறும் மீனை அவள் எவ்வளவு ஆசையாகக் காலுக்கடியில் அணைத்து வைத்திருக்கிறாள் என்பதையும் பார்த்தாள்.

"என் கண்ணு முன்னாலயே பட்டினி கிடந்திருக்கியே தாயி. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"போட்டதைத் திங்காத பூனை எதுக்குன்னு அந்த வீட்டுல கேட்டாங்க அக்கா. மறுநாளே சாக்குல போட்டாங்க. நீங்களும்..." அவள் பார்வை மூலையில் கிடந்த சாக்கின் மேல் போனது.

பொம்மக்கா எழுந்தாள். விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். சாக்கைக் கையில் எடுத்தாள். பஞ்சவர்ணம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'அவ்வளவுதான்' என்று நினைத்தாள்.

டர்ர்ர்!

கண்ணைத் திறந்தாள். பொம்மக்கா சாக்கை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள்! துண்டு துண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டை மடித்து, அடுப்பிலிருந்த சூடான சட்டியை அதைக்கொண்டு பிடித்து இறக்கினாள்.

"சட்டி இறக்கக் கரித்துணி இல்லாம ரொம்ப நாளா கையைச் சுட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப வேணுங்கற மட்டும் இருக்கு. இந்த வீட்டுல இனி சாக்கு கிடையாது, கரித்துணிதான்! நீ நிம்மதியா தின்னு!"

பஞ்சவர்ணம் தலையை அவள் காலில் முட்டி முட்டித் தேய்த்தாள். பொம்மக்கா சட்டியில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவள் இலையில் ஊற்றினாள். இந்தத் தடவை திரும்பி உட்காரவில்லை.

அவள் சாப்பிட்டு முடித்ததும் பொம்மக்கா கரைக்குப் போய் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"டேய் முங்கி! வாடா! அக்காவுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுக்கடா!"

கத்தி முடிப்பதற்குள் முங்கி இந்தக் கரைக்கு வந்துவிட்டான். அவனுக்கு வருத்தம் இருந்ததா? இருந்தது. ஆனால் பூனை சாப்பிட்டது என்று கேட்டதும் வருத்தம் போன இடம் தெரியவில்லை.

அதன் பிறகு பொம்மக்கா கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். "இது எப்படி இருக்கு? அது ஒத்துக்குதா?" என்று பூனையின் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மீனை வெறும் தண்ணீரில் வேகவைப்பாள். வெந்த முள் ஊசி மாதிரி குத்தும் என்பதால் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கி எறிவாள். மீன் ஈரலைத் தனியாக வேகவைத்துத் துளியூண்டு பிசைந்து சேர்ப்பாள். சில நாள் முட்டை, சில நாள் நத்தைக் கறி. கூட ஒரு விரல் பரங்கிக்காய் மசியல். வெங்காயம், பூண்டு இருக்கும் கூடை பூனை இலைக்குப் பக்கத்தில்கூட வராது. கொடுக்கும் முன்னால் நக்கிப் பார்ப்பாள். "தூ! மண்ணு மாதிரி இருக்கு!" என்பாள். பிறகு பூனையின் முகத்தைப் பார்ப்பாள். "நீ ரசிச்சா சரி தாயி!" என்று சிரிப்பாள்.

கொஞ்ச நாளில் பஞ்சவர்ணத்தின் ஈறு சிவந்தது. கால் வீக்கம் வடிந்தது. ரோமம் பளபளவென்று மின்னியது. மரத்தின் மேல் ஏறி, குரங்குகளோடு மல்லுக்கட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

உருட்டன் கதை என்ன ஆயிற்று? பொம்மக்கா அவன் காலை ஒடிக்கவில்லை. "என் குழம்பை இவ்வளவு நாளா ரசிச்சுத் தின்ன ஒரே ஜீவன் நீதான்டா, பாவி!" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது. "தினமும் எனக்குக் கிழங்கு தோண்டிக் கொடு. உனக்குன்னு தனிச் சட்டியில காரக்குழம்பு வைக்கறேன். ஆனா புதர்ல ஒளிஞ்சு திங்கக் கூடாது. எனக்கு முன்னால உட்கார்ந்து தின்னணும்!"

"கண்ணு பட்டுடாதா அக்கா?" என்று கேட்டான் உருட்டன், வாயெல்லாம் பல்லாக.

"பட்டா படட்டும்! உனக்குக் கொஞ்சம் பட்டாத்தான் தொந்தி குறையும்!"

இப்போதும் அந்தக் குளக்கரையில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு சத்தம் கேட்கிறது. ஒரு இலையில் சளக் புளக். இன்னொரு இலையில் ளப், ளப். பொம்மக்கா இரண்டு பேருக்கும் எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, கண் நிறையப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீதி: ஆசையாய்ச் சமைத்துப் போட்டால் மட்டும் போதாது, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்து அவருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கேட்டுப் போடுவதுதான் உண்மையான அன்பு.